தலைவர் நட்ட மரமும் நீர்நாய் ஊன்றிய வேலியும்

ஒரு காட்டில் ஓர் ஆறு இருந்தது. நேராகப் போகவே தெரியாத ஆறு. மலையிலிருந்து குதித்து வரும், ஒரு பெரும்பாறையில் முட்டிக்கொள்ளும், பிறகு இடப்பக்கம் திரும்பி ஓடும். அந்தத் திருப்பத்தில் களிமண் கரையைக் குடைந்து ஒரு நீர்நாய் வளை அமைத்திருந்தது.

நல்ல வளைதான். வாசல், முன்னறை, பின்னறை, மூச்சுவிட மேலே ஒரு துளை. குறை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு மழைக்கும் ஆறு அந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது.

போன மழையில் வெள்ளம் கரையைப் பெரிய துண்டாகப் பெயர்த்துக்கொண்டு போனது. வளையின் பின்னறையும் அதோடு போயிற்று. பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்த கடைக்குட்டியும் போயிற்று. நீர்நாய்க் குட்டிக்குப் பிறக்கும்போதே நீந்தத் தெரியும் என்று நினைக்காதீர்கள், குழந்தைகளே. அம்மா கழுத்தைக் கவ்வி இழுத்துப்போய்த்தான் பழக்க வேண்டும். அந்தக் குட்டிக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

நீர்நாய் வேறு இடம் தேடிப் பார்த்தது. ஆற்றின் மேற்பக்கம் முதலை. கீழ்ப்பக்கம் வெறும் பாறை, நகம் இறங்காது. அடுத்த மழைக்கு மறுபடியும் குட்டிகள் பிறக்கும். அதற்குள் கரை பலப்படாவிட்டால் இந்த முறை முன்னறையும் போய்விடும்.

முதலை வெயில் காயும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தபோது நீர்நாய்க்கு ஒன்று புரிந்தது. அங்கே கரை முழுக்க ஆற்றுப்பாலை மரங்கள். தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நிற்கிற மரம் அது. இலை மேலே பச்சை, அடியில் வெளுப்பு. அத்தனை வெள்ளத்திலும் அங்கே ஒரு பிடி மண்கூடக் கரையவில்லை. அந்த மரத்தில் ஒரு குச்சி கிடைத்தால் போதும் என்று நீர்நாய் நினைத்தது. ஆனால் முதலையைத் தாண்டிப் போய் யார் ஒடித்து வருவது? பெரிய விலங்குகளிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. கேட்டது. அங்கேதான் வம்பு தொடங்கியது.

அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு காட்டெருமை. பெயர் பெருங்கொம்பர். மற்ற விலங்குகளையெல்லாம் 'அது' என்று சொல்கிற நான் இவரை மட்டும் 'அவர்' என்று சொல்கிறேனே, ஏன் என்று கேட்கிறீர்களா? அவருக்குக் கொம்பும் பெரிது, கோபமும் பெரிது. அதனால்தான்.

சபை கூடியிருந்தது. நீர்நாய் முன்னால் வந்து நின்றது.

"தலைவரே, என் கரை இன்னொரு மழையைத் தாங்காதுங்க. போன தடவை ஒரு புள்ளையைப் பறிகொடுத்தேன். திருப்பத்துல, தண்ணி ஓரமா, ஒரே ஒரு ஆற்றுப்பாலைக் குச்சியை ஊனிக் குடுத்தீங்கன்னா போதும். வேர் பிடிச்சுக் கரையைக் காப்பாத்திரும்."

பெருங்கொம்பர் மூச்சை இழுத்து விட்டார். முன்வரிசையில் இருந்த முயலின் காது மடங்கியது.

"அம்மணி! உம் கண்ணீர் எம் நெஞ்சைச் சுட்டது. மரம் நடுவோம்! மாபெரும் விழா எடுப்போம்!"

தலைவரின் காதருகே எப்போதும் ஒரு நரி நிற்கும். தலைவர் சொல்வதை இன்னும் சத்தமாகச் சொல்வது அதன் வேலை. "விழா! மாபெரும் விழா! மேட்டில் குழிகூடத் தயாராக இருக்கிறது, தலைவரே" என்றது நரி.

அந்தக் குழியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெருங்கொம்பர் ஆண்டுதோறும் மரம் நடுகிறவர். ஆண்டுதோறும் அதே மேட்டில், அதே குழியில் நடுகிறவர். குழிக்கு வயதாகிக்கொண்டே போனது. எந்த மரத்துக்கும் ஒரு வயதுகூட ஆகவில்லை.

"மேட்டுல நட்டா என் கரை எப்படிங்க நிக்கும்? மேடு எங்கே, ஆறு எங்கே?" என்றது நீர்நாய்.

நரி முறைத்தது. பெருங்கொம்பர் யோசித்தார். ஆற்றுத் திருப்பத்துக்கு எதிரே ஒரு மணல்திட்டு உண்டு. கூட்டம் உட்காரத் தோதான இடம். மேட்டில் எல்லாரும் நிற்க வேண்டியிருக்கும், பாதியில் நழுவிவிடுவார்கள்.

"நன்று. திருப்பத்திலேயே நடுவோம்" என்றார். பிறகு அவருக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "ஆமாம், குச்சி என்றா சொன்னீர்? யாம் குச்சி நடுவதா?"

"அதானே!" என்றது நரி. "தலைவர் நடுவது மரமாக இருக்க வேண்டும். நட்ட அன்றே நிழல் விழ வேண்டும். மொட்டைக் குச்சியை நட்டால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"மொட்டைக் குச்சிதாங்க வேர் விடும். இலையோட நட்டா அந்த இலைக்கெல்லாம் தண்ணி குடுக்க வேர் எங்கேங்க இருக்கு?" என்று நீர்நாய் சொல்லிப் பார்த்தது. அதற்குள் சபை கைதட்டத் தொடங்கிவிட்டது. எதற்குத் தட்டுகிறோம் என்று யாருக்கும் தெரியாது. நரி தட்டியது, எல்லாரும் தட்டினார்கள்.

விழா நாள் வந்தது. கரடி போய், முதலை முகத்தில் ஒரு உறுமல் உறுமிவிட்டு, ஆற்றுப்பாலையில் இருப்பதிலேயே பெரிய கிளையாகப் பார்த்து முறித்து வந்தது. இலை அடர்ந்து, பூங்கொத்து தொங்க, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடிப்பக்கத்தில் இலையில்லாத குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவை அழகைக் கெடுக்கின்றன என்று நரி சொன்னதால் கரடி எல்லாவற்றையும் ஒடித்துச் சேற்றில் ஒரு குவியலாக எறிந்தது.

தண்ணீர் ஓரத்தில் நட்டால் தலைவரின் குளம்பில் சேறு ஒட்டும் அல்லவா? அதனால் கரைமேல், நன்றாகக் காய்ந்த இடத்தில் குழி தோண்டினார்கள். பெருங்கொம்பர் கிளையை மூக்கால் தொட்டார். கரடி நட்டது. "தலைவர் நட்டார்!" என்று நரி கூவியது.

பிறகு பேச்சு. பெருங்கொம்பர் கரையின் விளிம்பில் நின்று மரத்தின் மாண்பு பற்றிப் பேசினார். நிழலின் மாண்பு பற்றிப் பேசினார். பெரும்பாலும் தம் மாண்பு பற்றிப் பேசினார். அவர் காலடியில் மண் விரிசல் விட்டது.

"ஐயா, கொஞ்சம் பின்னால நில்லுங்க. கரை சரியுது!" என்று நீர்நாய் கத்தியது.

"தலைவர் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று நரி அதட்டியது.

தொப்பென்று ஒரு துண்டுக் கரை ஆற்றில் விழுந்தது. போன வெள்ளம் விட்டுவைத்த மண் அது. பெருங்கொம்பர் ஓரடி பின்வாங்கி, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னார்: "பாருங்கள்! எம் பேச்சைக் கேட்டு இந்தக் கரையே உருகிவிட்டது!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அதோடு விட்டார்களா? மரத்தைப் பேணிக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். நரி மேற்பார்வை. கரடி ஊட்டம் கொடுக்க. கடமான் காவல் காக்க. தளிர் தின்கிற விலங்கைத் தளிருக்குக் காவல் வைத்ததில் யாருக்கும் தவறாகப் படவில்லை. கடமானுக்குப் பட்டிருக்கலாம், ஆனால் அது வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமலா? திறந்தது, தின்பதற்கு மட்டும் திறந்தது.

மறுநாளே நீர்நாய் பார்த்தது. கிளையின் நுனியெல்லாம் மொட்டை.

"என்ன கடமானே, காவல்னு சொல்லிட்டு மேஞ்சுக்கிட்டு இருக்கே?"

"மேயலைக்கா. மரத்துக்கு நோய் ஏதும் இருக்கான்னு ருசி பாத்துச் சொல்லச் சொன்னாங்க" என்றது கடமான், மென்றுகொண்டே. "இதுவரைக்கும் நோய் இல்லைக்கா. மிச்சத்தையும் பாத்துட்டுச் சொல்றேன்."

கரடிக்கு நல்ல மனசு. அதுதான் பெரிய ஆபத்து. ஒரு முழுத் தேனடையைக் கொண்டுவந்து மரத்தடியில் பிழிந்தது.

"தேனெல்லாம் எதுக்கு அண்ணே? கரை மேல காஞ்சு கெடக்கு, ரெண்டு கை தண்ணி ஊத்துனாக்கூடப் போதுமே" என்றது நீர்நாய்.

"வெறும் தண்ணியா? சின்னப் புள்ளைக்கு இனிப்புக் குடுத்தாத்தானே தங்கச்சி வளரும்!" என்றது கரடி.

தேனுக்கு எறும்பு வந்தது. எறும்பு என்றால் கரடிக்கு உயிர். மரத்துக்கு எறும்புத் தொல்லை வந்துவிட்டதே என்று பதறி, மரத்தடியைத் தோண்டித் தோண்டி எறும்பு முழுவதையும் தின்றது. தின்றதும் மறுபடி தேன் ஊற்றியது. இப்படியே மரம் ஆடத் தொடங்கியது.

நரி தினமும் விருந்தாளிகளை அழைத்து வரும். "இதுதான் தலைவர் நட்ட மரம். தொட்டுப் பாருங்கள், எவ்வளவு உறுதி!" வந்தவர்கள் எல்லாரும் தொட்டு, பிடித்து, ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஓநாய் ஒன்று காலைத் தூக்கித் தன் மரியாதையையும் செலுத்திவிட்டுப் போனது.

இத்தனை பேரும் வந்து போகும் வழி நீர்நாயின் வளைக்கு மேலேதான். நடக்க நடக்கக் கூரையிலிருந்து மண் உதிர்ந்தது. நீர்நாய்க்குப் பொறுக்கவில்லை. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. சேற்றில் கிடந்த மொட்டைக் குச்சிக் குவியலை இழுத்து வந்தது. ஒவ்வொன்றாகக் கவ்வி, தடித்த முனை கீழே இருக்கும்படி கரையோரச் சேற்றில் ஆழக் குத்தியது. கரடி ஆற்றுப்பக்கமாகவும் வருகிறதே என்று தண்ணீர் விளிம்பு வரை நெருக்கி நெருக்கிக் குத்தியது. மிச்சம் இருந்ததை வளையின் மேற்புறம் குத்தியது.

"இனிமே எவன் உள்ள வரான்னு பாக்கறேன்" என்றது.

நரி ஓடிப்போய்ச் சொல்ல, பெருங்கொம்பர் நேரில் வந்தார். நீர்நாய் அடி விழும் என்று பயந்தது. அவரோ மகிழ்ந்து போனார்.

"எம் மரத்துக்கு வேலி! தகும், தகும். அம்மணி, உம் விசுவாசம் எம்மை நெகிழச் செய்கிறது."

விருந்தாளிகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அதன் பிறகு திருப்பத்தில் கொஞ்சம் அமைதி வந்தது. கரடிக்கு மட்டும் உள்ளே போக அனுமதி உண்டு. ஊட்டம் தடைபடக் கூடாது அல்லவா?

நாளாக ஆக, தலைவர் மரத்தின் மிச்ச இலைகள் பழுத்தன, பிறகு காய்ந்தன, பிறகு கொட்டின. வெறும் சுள்ளி நின்றது. நரி கவலைப்பட்டது. மரத்தைப் பற்றி அல்ல, தலைவர் பார்த்தால் என்ன ஆகும் என்று. புங்கமரத்திலிருந்து பச்சைக் கொத்துகளைப் பறித்து வந்து, கொடியால் அந்தச் சுள்ளியில் கட்டிவிட்டது.

பெருங்கொம்பர் வந்து பார்த்தார். "ஆகா! எம் கை பட்டதால் இந்த மரம் புதுவகை இலை விட்டிருக்கிறது!"

"வேறு எந்தக் காட்டிலும் இல்லாத இலை, தலைவரே" என்றது நரி.

நீர்நாய் இதையெல்லாம் வளை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மரம் செத்துவிட்டது. மழைக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். வயிற்றில் குட்டிகள் வேறு. வேறு என்ன செய்வது என்று புரியாமல் மீன் பிடிக்கக்கூட மனமில்லாமல் கிடந்தது.

ஒருநாள் காலையில் தண்ணீருக்குள் இறங்கும்போது அதன் மீசையில் ஏதோ உரசியது. முங்கிப் பார்த்தது. வேலிக் குச்சியின் அடியில், தண்ணீருக்குள், செக்கச் சிவந்த மெல்லிய வேர்கள். கொத்துக் கொத்தாக, களிமண்ணைப் பிடித்துக்கொண்டு! அடுத்த குச்சியிலும் வேர். அதற்கடுத்ததிலும் வேர். தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. சேறு அப்பிய மொட்டைக் குச்சிகளில் அரிசி அளவு முளைகள் எட்டிப் பார்த்தன.

நீர்நாய் தண்ணீரில் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டது. போட்டுவிட்டுச் சட்டென்று நின்றது. இது மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால்?

கரடி தேனோடு வரும். கடமான் ருசி பார்க்கும். நரி விருந்தாளிகளைக் கூட்டி வரும். பெருங்கொம்பர் விளிம்பில் நின்று பேசுவார். அதன் பிறகு கரையும் இருக்காது, வேரும் இருக்காது, பிறக்கப்போகும் குட்டிகளும் இருக்காது.

அன்றிலிருந்து நீர்நாய் தினமும் முளைகள் மேல் சேற்றைப் பூசி மறைத்தது. ஆனால் ஆற்றுப்பாலையை எத்தனை நாள் மறைக்க முடியும்? ஈரம் இருந்தால் மளமளவென்று வளர்கிற மரம் அது. காலையில் பூசிய சேற்றைச் சாயங்காலம் தளிர் கிழித்துக்கொண்டு வந்தது. கோடை முற்றுவதற்குள் வேலி முழுக்கப் பச்சை. சில குச்சிகள் தலைவர் மரத்தைவிட உயரமாகப் போயின.

அந்த நேரம் பார்த்துப் பெருங்கொம்பர் பரிவாரத்தோடு வந்து நின்றார்.

"இது என்ன?" என்றார். குரலில் இடி இருந்தது. "வேலி வளர்கிறதா? எம் மரத்தைவிட உயரமாகவா?"

நரி வேலியை முகர்ந்தது. அதற்கு மூளை வேகமாக வேலை செய்யும். "தலைவரே, இதுவும் அதே ஆற்றுப்பாலைதான்! தங்கள் மரத்தின் குழந்தைகள் என்று அறிவித்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விழா எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு!"

"இத்தனைக்கும் தேன் வேணுமே! இப்பவே கிளம்புறேன்" என்று கரடி சந்தோஷத்தில் குதித்தது. கரை அதிர்ந்தது.

பெருங்கொம்பரின் கண்கள் விரிந்தன. இன்னும் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நீர்நாய் பாய்ந்து வந்து நடுவில் நின்றது.

"ஐயோ தலைவரே, இந்தச் சனியனையா குழந்தைன்னு சொல்றீங்க? உங்க மரம் எங்கே, இந்தத் தறுதலை எங்கே! விழா எடுத்து வளரலை, பேச்சைக் கேட்டு வளரலை, சேத்துல கெடந்து தானா முளைக்குது. இதுக்கு ஏதாவது தகுதி இருக்குதா? உங்க மரத்துக்கு முன்னால தலை நிமிர்ந்து நிக்குது பாருங்க, என்ன கொழுப்பு! வெட்டுங்க இதை! தலையைக் கிள்ளி எறியுங்க!"

சொல்லிவிட்டதே தவிர, நீர்நாய்க்கு நம்பிக்கை இல்லை. வெட்டினால் பிழைக்குமா, பட்டுப்போகுமா? அதற்கும் தெரியாது. வளரவிட்டால் விழா நிச்சயம், விழா எடுத்தால் சாவு நிச்சயம். வெட்டினால் ஒருவேளை பிழைக்கலாம். அந்த ஒருவேளையை நம்பித்தான் அது தன் மரத்தைத் தானே திட்டியது.

பெருங்கொம்பருக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. "எம் மரத்தின்மேல் இவ்வளவு பக்தியா! வெட்டுங்கள்!" என்றார்.

கரடி தலைகளை முறித்துப் போட்டது. கடமான் தளிரைக் கடித்துத் துப்பியது. துப்பியது பாதி, விழுங்கியது பாதி. முறித்த குச்சிகளைச் சேற்றில் எறிந்து மிதித்துவிட்டு எல்லாரும் போனார்கள். நீர்நாய் கண்ணை மூடிக்கொண்டு வளைக்குள் படுத்திருந்தது. அன்று முழுக்க அது வெளியே வரவில்லை.

சில நாள் கழித்து எட்டிப் பார்த்தது. ஒரு தலை வெட்டுப்பட்ட இடத்தில் பல தலைகள் கிளம்பியிருந்தன. மிதிபட்ட குச்சிகளும் கிடந்த இடத்திலேயே வேர் விட்டுத் துளிர்த்திருந்தன. வேலி முன்பைவிட அடர்த்தியாக, புதராக, சுவராக நின்றது. நீர்நாய்க்கு வந்த சிரிப்பில் வாயிலிருந்த மீன் நழுவி ஆற்றோடு போயிற்று.

அதன் பிறகு தலைவரின் ஆட்கள் எப்போது வந்தாலும் அது வாசலில் நின்று கூச்சல் போடும். "பாருங்க, மறுபடியும் திமிர் பிடிச்சு வளர்ந்திருக்குது. வெட்டுங்க!" அவர்களும் வெட்டினார்கள். ஆற்றுப்பாலையும் தழைத்தது.

மழை வந்தது. மலைமேல் கொட்டிய தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கிப் பாறையில் முட்டித் திருப்பத்தில் மோதியது. வளைக்குள் பிறந்து சில நாளே ஆன குட்டிகள், கண் திறக்காதவை, அம்மாவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு கிடந்தன. நீர்நாய் ஒவ்வொரு அதிர்வுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே ஏதோ சரியும் சத்தம் கேட்டது. குட்டிகளைக் கவ்வ வாயைத் திறந்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரிந்தது கரை அல்ல. தலைவர் நட்ட மரம். புங்க இலை, கொடி, தேன் எல்லாம் சேர்ந்து முதல் அலையிலேயே மிதந்து போயிற்று. வேலி வளைந்தது. வெள்ளம் அதன்மேல் ஏறியபோது படுத்துக்கொண்டது. வெள்ளம் தணிந்தபோது எழுந்துகொண்டது. அதன் வேர்கள் கரையைப் பிடித்த பிடியை விடவில்லை. வளைக்குள் ஒரு பிடி மண்கூட உதிரவில்லை. நீர்நாய் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு வாய்விட்டு அழுதது.

வெயில் வந்ததும் பெருங்கொம்பர் வந்தார். பின்னால் காடே வந்தது. மரம் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். நரி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "அன்பர்களே! தலைவர் நட்ட மரம் வெள்ளத்தோடு தனியாகப் போரிட்டு, தன் உயிரைக் கொடுத்து இந்தக் கரையைக் காத்தது!"

"வாழ்க! வாழ்க!" என்று கூட்டம் கூவியது. கரடி உண்மையாகவே அழுதது. பெருங்கொம்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாம் இவ்வளவு நல்லவர் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நீர்நாய்க்கு நாக்கு அரித்தது. உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும்போல் இருந்தது. 'உங்கள் மரம் போன மாசியிலேயே செத்துப்போயிற்று, நீங்கள் கும்பிட்டது புங்க இலையை' என்று எல்லார் முன்னாலும் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஆனால் உள்ளே குட்டிகள் இருந்தன. அது வாயை மூடிக்கொண்டது.

அப்போது கரடி கண்ணீரைத் துடைத்துவிட்டு வேலியைப் பார்த்தது. "தலைவரே, இந்த வேலி மட்டும் எப்படிப் போகாம நிக்குது? ஒருவேளை கரையைக் காப்பாத்துனது..."

கூட்டம் மொத்தமாக வேலி பக்கம் திரும்பியது. நீர்நாய் முந்திக்கொண்டது.

"அதைத்தான் நானும் கேக்கறேன்! தலைவர் மரம் வெள்ளத்துல போராடுது, காவலுக்கு வச்ச வேலி பக்கத்துலயே குனிஞ்சு படுத்துக்கிச்சு. என் கண்ணால பாத்தேன். எசமான் செத்தான், காவக்காரன் பிழைச்சிருக்கான். இதுக்குப் பேரு வேலியா? துரோகி!"

பெருங்கொம்பரின் மூக்கிலிருந்து புகைபோல மூச்சு வந்தது.

"துரோகி!" என்று உறுமினார். "கேளுங்கள் எம் தீர்ப்பை! ஆண்டுதோறும் மழை நின்றதும் இந்த வேலியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுங்கள்! வெட்டிய குச்சிகளை இதே சேற்றில் குத்தி மிதியுங்கள்! எவரும் இதற்கு ஊட்டம் இடக் கூடாது. எவரும் இதன் அருகே வந்து நிற்கக் கூடாது. இதற்கு எந்தக் காலத்திலும் விழா கிடையாது!"

இப்படி ஒரு கொடிய தண்டனையை அந்தக் காடு கேட்டதே இல்லை.

நீர்நாய் தலையைக் குனிந்துகொண்டது. முகம் தெரியக் கூடாது அல்லவா? "தலைவரே, கொஞ்சம் இரக்கம் காட்டக் கூடாதுங்களா?" என்று மெல்லக் கேட்டது.

"கூடாது!" என்றார் பெருங்கொம்பர். "எம் வாக்கில் மாற்றம் இல்லை!"

பிறகு எல்லாரும் மேட்டுக்குப் போனார்கள். அங்கே குழி தயாராக இருந்தது. இந்த முறை ஆலங்கிளை நட்டார்கள். கரடி தேன் கொண்டுபோயிற்று. கடமான் காவலுக்கு நின்றது.

திருப்பத்தில் மட்டும் அந்தத் தண்டனை இன்றுவரை ஓர் ஆண்டும் தவறாமல் நடக்கிறது. கரை முழுக்க ஆற்றுப்பாலைக் காடு. அதன் அடியில் நீர்நாயின் குட்டிகளுக்கும் குட்டிகள் பிறந்துவிட்டன.

நீதி: பெயருக்காக மரம் வளர்ப்பவனிடமிருந்து மரத்தைக் காப்பதே மரம் வளர்ப்பதில் பாதி வேலை.